நஹலால்: கூட்டுறவு காத்ததா, கடனில் தள்ளியதா?

கரிசல்காட்டான்:
இன்றைய இஸ்ரேலின் யெஸ்ரயேல் சமவெளியில் 1921 செப்டம்பரில் உருவான நஹலால்தான் முதல் மோஷாவ், அதாவது உழவர் கூட்டுறவுக் கிராமம். கிபுட்ஸ் என்ற கூட்டுப்பண்ணையில் அன்று எல்லாம் பொது. இங்கே வீடு, வயல், மாடு எல்லாம் அவரவருக்கு; இடுபொருள் வாங்குவதும் விளைந்ததை விற்பதும் மட்டும் கூட்டாக. நிலம், யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்தின் குத்தகை. பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தாலும் பண்ணை ஒருவருக்குத்தான் போகும், துண்டு போட முடியாது. நூறு ஆண்டு தாண்டியும் ஊர் நிற்கிறது. கூட்டுறவுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

வட்டிக்கணக்கு:
ஊர் நிற்கிறது, சரி. 1985இல் மோஷாவ்கள் பட்ட பாட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1984இல் இஸ்ரேலில் பணவீக்கம் 400 சதவீதத்துக்கும் மேல். பணம் தேய்கிற வேகத்தில் கடனும் கரையும் என்று நம்பித்தான் எல்லோரும் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு அரசு பணவீக்கத்தை அடக்கியதும் வட்டி மட்டும் உச்சியில் நின்றது. நீங்கள் கொண்டாடும் கூட்டுறவில் ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் ஜாமீன். ஒழுங்காகக் கட்டியவன் தலையிலும் பக்கத்து வீட்டுக்காரன் பாக்கி விழுந்தது. 1992இல் தனிச் சட்டம் போட்டுக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

யாழினி:
ஊரை வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன் வரைந்தது, அச்சு அசல் வண்டிச் சக்கரம். நடுவில் பொதுக் கட்டடங்கள், சுற்றிலும் வீடுகள். வீட்டுக்குப் பின்னால் தொழுவம், அதற்கும் பின்னால் வெளிநோக்கி அகன்றுகொண்டே போகும் வயல். பால் கறக்கப் போகிறவர் கொல்லைக் கதவைத் திறந்தால் போதும். ஒருவர் வாசல் இன்னொருவருக்கு எட்டாத தூரமில்லை. ஜாமீன் போட்டவர்கள் முகம் தெரியாதவர்கள் அல்ல, ஐயா.

வட்டிக்கணக்கு:
முகம் தெரிந்தவனிடம்தான் 'கட்ட மாட்டேன்' என்று சொல்வது கடினம், அம்மா. அதற்கும் முன்னால், அந்த நிலம் யாருடையது? பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பத்திடம் வாங்கியது. பத்திரம் அவர்கள் பேரில், உழுதவர்கள் அரபுக் குடியானவர்கள். அருகிலிருந்த மஅலூல் கிராமம் 1948இல் காலியாகி இடிக்கப்பட்டது, தேவாலயங்களும் ஒரு மசூதியும் மிஞ்சின. இதைச் சொல்லாமல் நஹலாலின் வரலாறு பேசுவது பாதிக் கணக்கு.

கரிசல்காட்டான்:
மஅலூலை நான் எழுதாமல் விட்டது பிழை, ஒப்புக்கொள்கிறேன். குடியேறியவர்கள் சதுப்பை வடித்ததையும் மலேரியாவோடு மல்லுக்கட்டியதையும் அதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் விஷயத்தில் விட்டுத்தர மாட்டேன். வட்டி விகிதத்தை மோஷாவா தீர்மானித்தது?

வட்டிக்கணக்கு:
இல்லை. ஆனால் கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, சொந்த உழைப்பே அடிப்படை என்ற விதி மோஷாவ் தானே போட்டுக்கொண்டது. இன்று பல மோஷாவ்களின் வயல்களில் தாய்லாந்துத் தொழிலாளர்கள், உறுப்பினர்களில் பலர் நகரத்தில் வேலைக்குப் போகிறார்கள். அந்த விதியையும் வங்கியா எடுத்துக்கொண்டு போனது?

யாழினி:
பாதி வங்கிதான். கடனை அடைக்க மாதச் சம்பளம் தேடிப் போனவன் வயலை யாரிடம் விட்டுவிட்டுப் போவான்?