சிசேரியன் தையலில் சீழ் வைத்த அனுபவம் உண்டா?

கரூர்க்காரி:
தையல் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் நைட்டியின் அடிவயிற்றுப் பக்கம் நனைந்திருந்தது. பால் சிந்தியது என்று நினைத்தேன். அம்மா முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். நான்கு வருடமாகியும் அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது. அறுவைக்கு முந்தின இரவு ஆயாம்மா பிளேடால் மழித்தபோது இரண்டு இடத்தில் கீறி ரத்தம் வந்தது. அதனால்தான் என்று மனது சொல்கிறது.

இருபிள்ளைத்தகப்பன்:
என் மனைவிக்கும் பிளேடுதான், ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா? பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம்? அதையெல்லாம் விட்டுவிட்டு ஆயாம்மாவைக் குற்றம் சொல்வது நியாயமா?

ஓய்வுபெற்ற_செவிலி:
நியாயம் கேட்டவருக்கு: மழிக்கவே கூடாது, அவசியமானால் கிளிப்பரால் முடியை வெட்டினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கீறலிலும் கிருமி குடியேறும். சர்க்கரையும் காரணம்தான், மறுக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. முன்பெல்லாம் மருந்து குழந்தைக்குப் போகக் கூடாதென்று, தொப்புள்கொடியைக் கிளாம்ப் போட்ட பிறகே ஆன்டிபயாடிக் ஊசி போடுவோம். பிறகு, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் என்று மாறியது. மாறிய புதிதில் ஓர் இரவு, குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கத்தியை எடுத்துவிட்டார். தட்டில் செஃபசோலின் என்ற அந்த ஆன்டிபயாடிக் குப்பி மூடி திறக்காமல் இருந்தது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. குழந்தை அழுத பிறகுதான் ஊசி ஏறியது. நான்காம் நாள் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். அறுவைப் புண் முப்பது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் சீழ் பிடிக்கலாம். அவளுக்கு ஆறியதா என்று எனக்குத் தெரியாது.

பேத்தி_பாட்டி:
என் மகளுக்கு நன்றாகவே ஆறிவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள். தையல்மேல் மஞ்சளோ வேப்பெண்ணெயோ பூசாதீர்கள். பழைய புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து ஊறும். குளித்ததும் வயிற்று மடிப்பைத் தூக்கி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குழந்தை பார்க்க வருகிறவர்கள் கட்டைத் தொட்டுப் பார்க்க விடாதீர்கள். சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கரூர்க்காரி:
அம்மா அன்று விடியக் காத்திருக்கவில்லை. செவிலி அம்மா, எனக்கு ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேஸ் ஷீட்டில் இருக்குமா?