கருவள விகிதம் 2.1-க்குக் கீழே போனபிறகும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது?

கேள்வி:
மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2.1-க்குக் கீழே இறங்கினால் மக்கள்தொகை குறையும் என்கிறார்கள். சீனாவில் 1990களின் தொடக்கத்திலேயே இறங்கிவிட்டது. தொகை குறைந்ததோ 2022-இல்தான். இவ்வளவு தாமதம் ஏன்? சட்டம் போட்டு விகிதத்தை மறுபடி ஏற்ற முடியுமா?

பதில் 1:
விகிதம் ஒரு பெண்ணுக்கான கணக்கு. பிறப்புகளின் எண்ணிக்கைக்கு அதைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பாட்டி தலைமுறையில் 400 பெண்கள், தாய் தலைமுறையில் 1,000 பெண்கள் என்று வையுங்கள். தலைக்கு 1.8 வீதம் 1,800 குழந்தைகள் பிறக்கும். அதே காலத்தில் இறப்பது தாத்தா பாட்டிகள், சுமார் 800 பேர். விகிதம் தாழ்ந்தும் 1,000 பேர் கூடிவிட்டார்கள். அந்த 1,800-இல் பெண்கள் சுமார் 880. அவர்களுக்குப் பிறப்பது 1,580 குழந்தைகள். அப்போது விடைபெறுவது தாய் தலைமுறையின் 2,000 பேர். இறக்கம் அங்கேதான் ஆரம்பம். இதற்குப் பெயர் மக்கள்தொகை உந்தம்.

ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பத் தேவையான அளவு 2.1 என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறப்பதால் 2.05, தாயாகும் வயதுக்கு முன்பே இறப்போருக்காக மிச்சம். குழந்தை இறப்பு மிகுந்த இடங்களிலும், பெண் சிசுவைக் கருவிலேயே கலைக்கும் இடங்களிலும் இன்னும் அதிகம் தேவை.

பதில் 2:
ஓராண்டு விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். 15 முதல் 49 வரை ஏழு ஐந்தாண்டு வயதுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பெண்களுக்கு அந்த ஆண்டில் எத்தனை பிறப்பு என்று எடுத்து, கூட்டி, ஐந்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். கூட்டுத்தொகை 370 என்றால் விகிதம் 1.85. பெண்கள் பேற்றைத் தள்ளிப்போட்டாலே இந்த எண் சரியும், கடைசியில் பெறும் குழந்தைகள் குறையாவிட்டாலும். ஜப்பானில் 1966 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் 2.14 ஆக இருந்தது 1.58-க்கு விழுந்தது. மறு ஆண்டே 2.23.

பதில் 3:
சட்டத்துக்கு ருமேனியாவைப் பாருங்கள். 1966 அக்டோபரில் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்தார்கள். விகிதம் 1.9-இலிருந்து 1967-இல் சுமார் 3.7 ஆனது. பிரசவ வார்டும் பிறகு பள்ளியும் திணறின. மக்கள் மாற்று வழி தேடியதும் விகிதம் சரிந்தது. கள்ளக் கருக்கலைப்பில் தாய்மார்கள் செத்தார்கள், தாய் இறப்பு ஐரோப்பாவிலேயே மோசமானது. என் பார்வையில் இதுதான் அந்தச் சட்டத்தின் உண்மையான விலை. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடையை நீக்கினார்கள். 1967-இல் பிறந்த அந்தப் பெருந்திரள் 2032-இல் 65 வயதைத் தொடும். ஓய்வூதியக் கணக்கிலும் அந்த மேடு தெரியும்.