1958 கலவரத்துக்கு முன்: அயலவர் எப்படி அந்நியரானார்கள்?

கேள்வி:
என் அப்பப்பா கொழும்பில் சிறிய புடைவைக் கடையொன்று வைத்திருந்தார். 1958 ஏப்ரலில் பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்துகளில் யாரோ தார் பூசிவிட்டுப் போக, மறுநாள் காலை பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, தாமே ஏணியில் ஏறித் துடைத்துக் கொடுத்தாராம். மே மாதக் கடைசியில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டபோது அதே மனிதர் கதவைத் திறக்கவில்லை. ஒரு நல்ல மனிதர் இரண்டே மாதத்தில் இப்படி மாறியது எப்படி?

மறுமொழி 1:
அவர் வெறுக்கத் தொடங்கிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. தம் இனத்தாரே தம்மைத் துரோகி என்பார்களோ என்று அஞ்சியிருப்பார். அந்த அச்சத்தை வளர்த்தது கட்சிப் போட்டி. 1951இல் தொடங்கியபோது சிங்களம், தமிழ் இரண்டையும் ஆட்சிமொழியாக ஏற்ற பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி, 1956 தேர்தல் நெருங்கியதும் 'தனிச்சிங்கள'த்துக்கு, அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலைப்பாட்டுக்கு, மாறியது. வாக்குகள் கைநழுவுமென அஞ்சிய ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் அதையே தீர்மானமாக்கியது. பிரதமரான பண்டாரநாயக்க 1957 ஜூலையில் தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் தமிழர் உரிமைகள் குறித்து ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்தன கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குமார் பிரதமரின் வீட்டுவாசலில் அமர்ந்து, ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுத்திலேயே வாங்கிச் சென்றார்கள். நாட்டின் பிரதமரே அசைய முடியாதிருந்த வேளையில், ஒரு கடைக்காரர் எங்ஙனம் துணிவார்?

மறுமொழி 2:
முழுப் பழியையும் தலைவர்கள்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலம் படித்தோருக்கே அரசாங்க உத்தியோகம் என்றிருந்த நாட்டில், சிங்களத்தில் மட்டும் படித்த கிராமத்து இளைஞனின் ஏக்கம் உண்மையானது. அதைத் தமிழன்மேல் கோபமாகத் திருப்பியதுதான் குற்றம். எங்கள் பக்கத்திலும் தார்ச்சட்டி தூக்கினோம்: வடக்குக்கு வந்த பேருந்துகளின் இலக்கத் தகட்டில் அரசு புகுத்தியிருந்த சிங்கள எழுத்தான 'ஸ்ரீ'யை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினோம். உரிமைக்கான போராட்டமே அது. ஆயினும் தெற்கில் தார் பூசியவர்களுக்கு அது நல்ல சாட்டாகிவிட்டது.

மறுமொழி 3:
கட்சிகள் இடம் மாறியும் ஆட்டம் மாறவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்துடன் உடன்பாடு கண்டார். 1966 ஜனவரி 8இல், அரச கருமங்களில் தமிழுக்கு இடமளித்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக வீதியில் இறங்கியது சுதந்திரக் கட்சி. ஒரே மொழியென்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவின் இடதுசாரிச் சமசமாஜக் கட்சியும் அந்த அணியில் நின்றதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அப்பப்பா அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அடுத்த ஆண்டே திரும்பிப் போய்க் கடையைத் திறந்தார். அந்த முதலாளியும் அவரும் மறுபடி தினமும் தேநீர் குடித்தார்களாம். மே மாதத்தைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. புதிய பெயர்ப்பலகையை அப்பப்பா சிங்களத்தில் மட்டுமே எழுதுவித்திருந்தார்.