மைசெஜாத்ரா இலவசமாக வந்ததா?

செந்தூல் மாறன்: "அரசும் தனியாரும் கைகோத்தால் மக்களுக்கு இலவசமாகவே சேவை கிடைக்கும், மைசெஜாத்ராவே சாட்சி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கோவிட் காலத்தில் மலேசியாவில் கடைக்குள் நுழையும்முன் பதியச் சொன்ன செயலியைத்தான் சொல்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அதைச் செய்த தனியார் நிறுவனம் அரசுக்குத் தந்த இலவசம் ஓராண்டுக்குத்தான். 2021 மார்ச் 31-உடன் அது முடிந்தது. முறையான ஒப்பந்தமே இல்லாமல் தொடங்கிய வேலை என்று 2022-இல் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கிளறியதே, படிக்கவில்லையா?

பங்சார் கவிதா: எழுதியது நான்தான் அண்ணே. 2020 ஏப்ரலில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. டெண்டர் விட்டுக் காத்திருக்கச் சொல்கிறீர்களா? காசு வாங்காமல் செய்து கொடுத்தார்கள். அது இலவசம்தான்.

மாறன்: ஓராண்டு இலவசம் என்று எழுதுங்கள். 2021 மார்ச் 31.

பத்துமலை வாசி: சரி, குடும்பங்களின் வருமான விவரங்களைத் திரட்ட அரசே சொந்தமாகச் செய்த 'பாடு' தரவுத்தளம் என்ன ஆச்சு? 2024 ஜனவரியில் திறந்த கையோடு, அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் இருந்தாலே அடுத்தவர் பெயரில் பதியலாம் என்று புகார் கிளம்பியது.

மாறன்: அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பேச்சை மாற்றாதீர்கள். இலவசமா, இல்லையா?

பிரிக்பீல்ட்ஸ் தேவி: என் மாமியாரிடம் பட்டன் போன்தான். செயலியில் பதிய முடியாததால் அப்போது மளிகைக் கடை வாசலில் நோட்டில் பெயரும் எண்ணும் எழுதுவார். கிருமிக்குப் பயந்து அந்தப் பேனாவை முந்தானையால் பிடித்துக்கொள்வார். பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம்மா" என்பார்கள். செயலியை வடிவமைத்தபோது அவரைப் போன்ற ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா?

மாறன்: அது தனிக் கதை அக்கா. முதலில் தேதியைப் பேசுவோம்.

கவிதா: அண்ணனுக்குத் தனியார் மேல் ஏன் இந்தக் கோபம் என்று செந்தூலுக்கே தெரியும். கோயில் வலைத்தள வேலை கைநழுவியதிலிருந்து இப்படித்தான்.

மாறன்: அதை ஒரு காசு வாங்காமல் செய்து தருகிறேன் என்றேன்!

கவிதா: அப்படியானால் உங்கள் இலவசம் மட்டும் இலவசம், மற்றவருடையது இல்லையா?

மாறன்: பக்தர்களின் விவரம் கோயிலுக்கே சொந்தம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நகல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மைசெஜாத்ராவைத் தொடங்கும்போது அப்படி ஓர் ஒப்பந்தம் எங்கே இருந்தது?

கவிதா: தரவு சுகாதார அமைச்சுக்குத்தான் சொந்தம் என்று அமைச்சரே சொன்னாரே.

மாறன்: எப்போது சொன்னார்? கேள்வி கிளம்பிய பிறகு. 2021 மார்ச் 31-ஐப் பற்றி இன்னும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

வாசி: கடைசியில் அந்தக் கோயில் வேலையை யாருக்குக் கொடுத்தார்கள்?

கவிதா: அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மாறன்: தனியாக என்ன? இங்கேயே சொல்லுங்கள்.