கூடம் கோணல்: கல்லூரிக் கூடைப்பந்துத் தரைகளும் நம் அனுபவங்களும்

யூஜீன்காரன்:

மார்ச் வந்தால் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டி. வீட்டில் எல்லோரும் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். பிள்ளைகள் கிண்டல் செய்துவிட்டு இப்போது அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். என்னைப்போல யாராவது இருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் இந்த இழை.

என் பைத்தியம் ஒரேகன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ நைட் அரங்கத்தில் பிடித்தது. 2011 ஜனவரியில் திறந்தார்கள். முதலில் டிவியில் பார்த்தபோது, புத்தம் புதுத் தரையில் யாரோ டீயைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனது போலிருந்தது. நாலு ஓரமும் கருத்த கறை, நடுவில் மட்டும் வெளுப்பு. "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினாங்க?" என்றார் சகலை. அடுத்த வருடம் அவரையே கூட்டிக்கொண்டு நேரில் போனேன். மலிவான டிக்கெட், கூரைக்குப் பக்கத்தில் இருக்கை. அங்கிருந்து குனிந்து பார்த்ததும்தான் புரிந்தது: கறை இல்லை, மரங்கள். காட்டுக்குள் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் சுற்றிலும் ஃபிர் மரங்கள் எழும்பி, நடுவில் வானம் தெரியுமே, அது. நைக்கியில் ஏர் ஜோர்டன் ஷூக்களை வடிவமைத்த டிங்கர் ஹாட்ஃபீல்டின் வேலை. சகலை ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது போதும்.

மரம் ஏன் என்பதற்கும் கதை உண்டு. 1939ல் நடந்த முதல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) தேசியப் போட்டியில் மொத்தமே 8 அணிகள். இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 46-33 என்று வென்றது ஒரேகன். ஆட்டக்காரர்கள் நெடுநெடுவென்று இருந்ததால் அவர்களுக்கு 'உயர்ந்த ஃபிர் மரங்கள்' என்று பட்டப்பெயர். அந்தப் பசங்கள்தான் இன்று தரையில் நிற்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. திறந்த புதிதில் நடுக்கோடு கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை என்று ஒரே முணுமுணுப்பு. ஆண்கள் ஆட்டத்தில் 10 விநாடிக்குள் பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் திரும்ப முடியாது. அப்படிப்பட்ட கோட்டை வானத்துக்குள் ஒளித்து வைத்தால்? அழகுக்காக அதையும் மன்னித்துவிட்டேன்.

மார்ச் போட்டியில் இந்த ரசனைக்கெல்லாம் இடமில்லை. எந்த ஊரில் நடந்தாலும் என்சிஏஏ ஒரே அச்சில் வார்த்த தரையை விரித்துவிடுகிறது. நடுவில் வட்டம், ஓரத்தில் ஊர்ப் பெயர், முடிந்தது. எனக்கு அது கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த ஜமுக்காளம் மாதிரி. சரி, நீங்கள் சொல்லுங்கள்.

பீவர்ட்டன் அப்பா:

ஜமுக்காளம் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள் அண்ணா.

2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. போர்ட்லாந்து மோடா சென்டரில் பெண்கள் போட்டி, 16 அணிகள் மிச்சமிருந்த சுற்று. மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள், அவளுக்காகப் போனோம். ஒரு பக்கத்துக் கூடையில் மூன்று புள்ளி விழும்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரோடு சேர்ந்து கத்தி எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அதே தரையில் நடக்கவிருந்த டெக்சாஸ் - என்சி ஸ்டேட் ஆட்டத்துக்குக் காத்திருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கூடையிலிருந்து மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) இருக்க வேண்டிய தூரம் 22 அடி 1¾ அங்குலம். ஒரு முனையில் மட்டும் அது சுமார் 9 அங்குலம் குறைவு. நம் கணக்கில் ஒரு சாண்! சரிசெய்தால் ஆட்டம் தள்ளிப்போகும் என்றதும் இரண்டு பயிற்சியாளர்களும் 'பரவாயில்லை, அப்படியே ஆடுவோம்' என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு அணியும் ஆளுக்கொரு பாதி அந்த முனையில் எறியப்போவதால் நியாயம் சமம்தான். என்சி ஸ்டேட் 76-66 என்று ஜெயித்தது. திங்கட்கிழமை ஆட்டத்துக்குள் கோட்டைத் திருத்திவிட்டார்கள்.

அதற்கு முன் வெள்ளி, சனி இரண்டு நாளில் அந்தத் தரையில் நான்கு ஆட்டம் முடிந்திருந்தது. ஆடியவர்கள், நடுவர்கள், ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்த எங்களைப் போன்றவர்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல், ஆடியவர்கள் மூச்சு விடவில்லை. மகள் கேட்டாள்: "அப்போ வெள்ளிக்கிழமை நீ கத்தினதுல பாதி செல்லாதா?"

பலகைக்கை:

நான் படிக்கும் காலத்தில் கைச்செலவுக்காக ஓர் அரங்கத்தில் தரை போடும் வேலை பார்த்தவன். எந்த ஊர் என்று வேண்டாம்.

அங்கே கீழே எப்போதும் ஐஸ் இருக்கும். மாலையில் ஹாக்கி முடிந்ததும் ஐஸ் மேல் குளிர் ஏறாத தடுப்புப் பலகைகளை அடுக்கி, அதன் மேல்தான் கூடைப்பந்துத் தரை. டிவியில் ஒரே வழவழப்பாகத் தெரிவது, சாதாரண இரட்டைக் கட்டில் அகலம்கூட இல்லாத பல நூறு துண்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் எண். வரிசை எண், இட எண், அதன்படி போட்டால் மேலே படம் தானாகக் கூடிவரும். தூக்க ஒரு ஆள் போதாது, விரல் நசுங்காமல் வைக்க இரண்டு பேருக்கும் பழக்கம் வேண்டும். இடுக்கு தெரிந்தால் சுத்தியலால் தட்டிச் சேர்ப்போம்.

ஒரு இரவு, மணி இரண்டரை இருக்கும், தூக்கக் கலக்கத்தில் இரண்டு துண்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் ஓரத்தில் இருந்த எழுத்துக்குக் கால் முளைத்து ஆட்ட எல்லைக்குள் நிற்கிறது. மேஸ்திரி திட்டவில்லை. சிரித்தார், அதுதான் அவமானம். அதற்குள் மேலே இன்னும் ஆறு வரிசை போட்டாயிற்று. அத்தனையும் பிரித்தோம்.

மரம் எல்லாம் வடக்கத்திக் கெட்டி மேப்பிள். குளிர் நாட்டில் மெதுவாக வளர்வதால் இழை நெருக்கம், பந்து நன்றாக எழும்பும், தேய்மானம் குறைவு. ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம்) தரைகளைச் செய்யும் கானர் நிறுவனத்தின் ஆலை மிச்சிகனின் வடகோடியில் அமாசா என்ற சின்ன ஊரில் இருக்கிறது. ஆண்கள் ஃபைனல் ஃபோர் அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில் நடப்பதால் அந்தத் தரையை மேடை போல உயர்த்திப் போடுவார்கள், பயிற்சியாளர்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

2022 இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் வட கரோலினாவின் அர்மாண்டோ பேகாட் கணுக்கால் மடங்கி விழுந்தாரே, அன்றிரவு பலகை அமுங்கியது என்று ஊரெல்லாம் பேச்சு. தரையில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு முந்தைய ஆட்டத்திலேயே அந்தக் கால் சுளுக்கியிருந்தது. நான் அந்தக் காட்சியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அவர் காலை அல்ல, பலகை இடுக்கை. தொழில் புத்தி.

அப்புறம் யூஜீன் அண்ணா, ஒரே அச்சு என்று திட்டாதீர்கள். எதிரணி ஊரின் சின்னத்தை மிதித்துக்கொண்டு ஒரு பையன் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆட வேண்டாமே.

மில்வாக்கி மாமா:

தம்பிகளா, நீங்கள் எல்லாம் நேற்றுப் பிறந்தவர்கள். 1977ல் இங்கே மெக்கா அரங்கத் தரையை முழுக்க மஞ்சளில் தீட்டினார் ஓவியர் ராபர்ட் இண்டியானா. 'லவ்' என்ற சொல்லை இரண்டு வரியாக அடுக்கி 'ஓ'வைச் சாய்த்து வைத்தாரே, அவரேதான். இரண்டு பாதியிலும் ராட்சச 'எம்'. எங்கள் ஊர்த் தொழில்முறை அணியான பக்ஸும் மார்க்கெட் பல்கலைக்கழகமும் அதன் மேல் ஆடின. மார்க்கெட் தேசியப் பட்டம் வென்றதும் அதே 1977ல்தான்.

நான் அமெரிக்கா வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2017 அக்டோபரில் பக்ஸ் பழைய அரங்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் வைத்து, அதே வடிவத்தில் புதிதாகச் செய்த தரையைப் போட்டார்கள். போனேன். மஞ்சள் அடிக்கிற அடியில் முதல் பத்து நிமிடம் பந்து எங்கே என்றே தெரியவில்லை. வீட்டுக்காரி சொன்னாள், "மஞ்சத்தண்ணி தெளிச்ச வாசல் மாதிரி இருக்கு." அதற்கு மேல் விமர்சனம் தேவையில்லை.

சான் அன்டோனியோ அக்கா:

எல்லோரும் அழகைப் பேசுகிறீர்கள். நான் எழுத்தைப் பேசுகிறேன். 2021ல் கோவிட் காரணமாக ஆண்கள் போட்டி முழுவதும் இண்டியானா மாநிலத்தில், பெண்கள் போட்டி எங்கள் ஊர்ப் பக்கம். வீட்டில் இரண்டு டிவி, இரண்டு போட்டி. தரையில் 'மார்ச் மேட்னஸ்' (மார்ச் பைத்தியம்) என்ற போட்டிப் பெயர் ஆண்கள் பக்கம் மட்டும். அதே மாதம், அதே பைத்தியம், பெண்களுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் அரிசோனாவை 54-53 என்று ஒரே புள்ளியில் வென்ற ஆட்டத்துக்குக்கூட இல்லை. 2022ல்தான் கொடுத்தார்கள். பெயிண்ட் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று பலகைக்கைத் தம்பி கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

பலகைக்கை:

பெயிண்டா அக்கா? ஒரு வாளிக்குள் அடங்கியிருக்கும்.

எவன்ஸ்டன் பழைய மாணவன்:

யூஜீன்காரன் எழுதிய 1939 ஆட்டம் நடந்தது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பழைய பேட்டன் ஜிம்மில். மறு வருடமே அதை இடித்து அந்த இடத்தில் தொழில்நுட்பக் கட்டிடம் எழுப்பினார்கள். அந்தக் கட்டிடத்தில்தான் நான் இரண்டு வருடம் எம்.எஸ். படித்தேன். முதல் பட்டத்தை வென்ற தரை இருந்த இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெப்பக் கடத்தல் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.