மூன்று குடும்பம் ஒன்றாகிப் போனது: குடும்ப இலக்கம் அனுப்புங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமார்.

போன கிழமை எங்கள் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளை அக்கா ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கிற திட்டத்தில் 31 குடும்பம் இருந்ததே, இப்போது 29 தானே நிற்கிறது, மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டிருந்தார். அந்த இரண்டையும் அழித்தது நான் எழுதிய நிரல்.

கிளைகளின் எக்செல் பட்டியல்களை, ஆட்களின் விபரங்களை இணையத்தில் ஒரே இடத்தில் பதிந்து வைக்கிற சோஹோ சிஆர்எம் என்ற மென்பொருளுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தோம் அல்லவா? கையால் தட்டி முடியாது என்று ஏபிஐ வழியாக ஏற்றினேன். நாங்கள் பிரவுசரில் திறந்து பார்க்கிற அதே பதிவுகளை இன்னொரு நிரல் நேரே கேட்டு வாங்கவும் திருத்தவும் விட்டிருக்கிற வாசல்தான் ஏபிஐ. அதில் அப்சேர்ட் என்று ஒரு கட்டளை உண்டு. ஆள் ஏற்கெனவே இருந்தால் பதிவைத் திருத்தும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும். ஒரு தடவையில் 100 பதிவு வரை கொடுக்கலாம். ஆனால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை எந்தக் கட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் போன் இலக்கத்தைக் கொடுத்தேன்.

ஊரை ஒருதரம் நினைத்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டு இடதுகரையில் ஒரே வளவுக்குள் மூன்று வீடு. ஒன்றில் தாய், மற்ற இரண்டில் கலியாணம் கட்டிய மகள்மார். போன் ஒன்றுதான், அது தாயிடம். மூன்று குடும்பமும் கொடுத்தது அந்த இலக்கத்தைத்தான். மூன்று கிளைகள் பொறுப்பெடுத்ததால் மூன்று பட்டியலில் வந்தார்கள். ரொறன்ரோ பட்டியலில் தாய் ஏறினார். லண்டன் பட்டியல் போனதும் தாயின் பெயர் அழிந்து மூத்த மகள் வந்தார். பாரிஸ் பட்டியல் அவரையும் அழித்துவிட்டு இளையவரைப் போட்டது. மூன்று தரமும் வெற்றி என்றே பதில் வந்தது. அந்தப் பதிலிலேயே ஒவ்வொரு பதிவுக்கும் நேரே 'இன்சேர்ட்' (புதிதாகச் சேர்த்தது) அல்லது 'அப்டேட்' (இருந்ததைத் திருத்தியது) என்று இருக்கும். புதிய ஆட்களை ஏற்றும்போது 'அப்டேட்' வந்தால் நின்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

பை கொடுத்த அன்று ஊரில் இருக்கிற செயலாளர் சிஆர்எம் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தபோது மூத்த மகளின் பிள்ளைகள் இருவரும் கடைசிவரை வரிசையில் நின்றிருக்கிறார்கள். தாயோடு இருக்கிற பேரனும் அப்படித்தான். மூவருக்கும் பிறகு கொடுத்தாயிற்று. ஆனாலும் அந்த வரிசை என் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, போன் வேண்டாம் என்றால் எது? பெயர் சரிவராது. ஒரே பெயரைச் சூரிச்சில் ஒருவிதமாகவும் ஒஸ்லோவில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பழைய பட்டியல் ஒன்று பாமினி எழுத்துருவில் அடித்தது. அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிற பழைய எழுத்துரு. அதை ஏற்றினால் 'சிவா' என்ற பெயர் ஆர், பி, ரி, எச் என்ற நாலு ஆங்கில எழுத்தாக நிற்கிறது. எங்கும் தமிழாகவே தெரிகிற யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் யோசித்தேன். ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட பழைய அட்டை சிலரிடம், 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டை சிலரிடம். இடம்பெயர்வில் தொலைத்துவிட்டு இன்னும் எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். அதோடு, அந்த இலக்கத்தை நாங்கள் வைத்திருக்கத் தேவையும் இல்லை.

விடை செயலாளர் கையால் எழுதி வைக்கிற சீஆர் கொப்பி என்ற தடித்த கொப்பியில் இருந்தது. ஊருக்குச் சனம் திரும்பி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு தொடரிலக்கம் போட்டு வருகிறார். வீடு மாறினாலும் போன் மாறினாலும் அது மாறாது. அதையே சிஆர்எம்மில் தனிக்கட்டமாக வைத்து, ஒரே இலக்கம் இரண்டு தரம் வராதபடி பூட்டியிருக்கிறேன். இனி அப்சேர்ட் அந்த ஒன்றைத்தான் பார்க்கும்.

கிளைகளில் நிரல் எழுதுகிற தம்பிமாருக்கும் சிலது சொல்ல வேண்டும். எங்கள் சோஹோ கணக்கு ஐரோப்பியத் தரவு மையத்தில் இருக்கிறது. அதனால் ஏபிஐ முகவரியின் முடிவு 'டொட் கொம்' அல்ல, 'டொட் ஈயூ'. நிரல் உள்ளே போகக் காட்டுகிற அனுமதிச் சாவியான அக்சஸ் ரோக்கன் ஒரு மணித்தியாலத்தில் காலாவதியாகும், ரிஃப்ரெஷ் ரோக்கனைக் கொடுத்துப் புதிதாக எடுங்கள். அந்த ரிஃப்ரெஷ் ரோக்கனை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், அது வீட்டுத் திறப்பு மாதிரி. பட்டியல் ஏற்றும்போது, எந்தத் தானியங்கி வேலைகள் ஓட வேண்டும் என்று சொல்கிற 'ட்ரிகர்' என்ற இடத்தை எழுதி, அதற்குள் வெறும் அடைப்பை மட்டும் [] கொடுங்கள். 'ட்ரிகர்' என்பதையே எழுதாமல் விட்டால், நாங்கள் வைத்திருக்கிற தானியங்கி நன்றி மடல் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் போகும். கணக்கறிக்கை மட்டும் எடுப்பவருக்கு வாசிக்கிற அனுமதி போதும், திருத்துகிற அனுமதி வேண்டாம்.

காணாமல் போனவர்கள், காயப்பட்டவர்கள் பற்றிய குறிப்புகளை எந்தக் கிளையும் சிஆர்எம்மில் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஐரோப்பாவில் 2018 முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தாய்மார் எங்களை நம்பிச் சொன்னதை ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் எத்தனை பேர் திறந்து பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

செயலாளர் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் குடும்பங்களின் இலக்கத்தை இன்று தனியாக அனுப்புகிறேன். உங்கள் எக்செலில் ஒவ்வொரு குடும்பத்தின் வரிசையிலும் முதல் கட்டத்தில் அதைப் போட்டு வருகிற ஞாயிறுக்குள் திருப்பி அனுப்புங்கள். முதலில் ஐந்து பதிவை மட்டும் ஏற்றி, பதிலை இங்கே போடுவேன். நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மிச்சம் ஏறும்.