செண்ட்ரி நிஜமாகவே வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்?

நூல்கண்டு (கேள்வி)

வணக்கம். திருப்பூரில் நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கான நூல் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். நாலு பேர் டீம். பின்பக்கம் ஜாங்கோ, பின்னணி வேலைகளுக்குச் செலரி (அந்த வேலைகளை ஓட்டும் ப்ராசஸ்தான் ஒர்க்கர்), முன்பக்கம் ரியாக்ட். எரர் பார்க்கச் செண்ட்ரி, மென்பொருளில் வரும் எரரைப் பிடித்து நமக்குச் சொல்லும் சேவை. இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அன்றைய நூல் இருப்பு பிடிஎஃப்பாக மெயிலில் போகும். எந்தப் பார்ட்டி நூல் எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ துணியாகப் போனது, கழிவு எவ்வளவு என்ற கணக்கு. காலையில் மெஷினில் நூல் ஏற்றுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள்.

போன மாதம் ஒரு யூனிட்டில் கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "ஏனுங்க தம்பி, மூணு நாளா ராத்திரி கணக்கு வரலீங்களே." உடனே செண்ட்ரியைத் திறந்து பார்த்தேன். ஒர்க்கர் பக்கம் ஒரு எரர்கூட இல்லை. "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்க அக்கா, ஸ்பேம்ல கிடக்குதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் என்னை நம்பி, ஸ்பேம் முழுக்கத் தேடியிருக்கிறார். மறுநாள் இன்னொரு யூனிட்டிலிருந்து அதே போன். அதற்குப் பிறகுதான் சர்வருக்குள் போய் ஒர்க்கர் லாக்கைத் திறந்தேன்.

ஒரே டைப் எரர், பக்கம் பக்கமாக. புதிதாகச் சேர்த்த மெலாஞ்ச் நூல் சிலவற்றுக்குக் கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) காலியாக இருந்திருக்கிறது. கவுண்ட் வாரியாக வரிசைப்படுத்தும் இடத்தில் காலியையும் எண்ணையும் ஒப்பிட முடியாமல் டாஸ்க் விழுந்துவிட்டது. 11 நாள், 14 வாடிக்கையாளர்கள். பக்கைத் திருத்தப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

செண்ட்ரி ஏன் வாயே திறக்கவில்லை என்று தேடினேன். ஒர்க்கரைத் தனி மெஷினுக்கு மாற்றியபோது, என்விரான்மென்ட் ஃபைலில் டிஎஸ்என் வரி, அதாவது எரரை எங்கே அனுப்புவது என்ற செண்ட்ரி முகவரி, விட்டுப்போயிருந்தது. டிஎஸ்என் இல்லையென்றால் எஸ்டிகே (நம் கோடில் சேர்க்கும் செண்ட்ரி லைப்ரரி) எந்தப் புகாரும் சொல்லாது. எதையும் அனுப்பாமல் பேசாமல் இருந்துவிடும். நம் லேப்டாப்பில் கோட் எழுதும்போது அது வசதி. ப்ரொடக்‌ஷனில் அதே வசதியால் ஒரு மனுஷியை இல்லாத மெயிலைத் தேட வைத்தேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

டிஎஸ்என்னைச் சேர்த்துவிட்டேன். ஆனால் அடுத்த மாதமும் இது வேலை செய்யும் என்று எனக்கு யார் சொல்வது? வெப் பக்கத்துக்கு, செண்ட்ரி டாக்குமென்ட்டில் உள்ளபடி 1/0 போட்டு (பூஜ்ஜியத்தால் வகுத்து) வேண்டுமென்றே எரர் கிளப்பும் ஒரு முகவரி வைத்திருக்கிறேன். டிப்ளாய் ஆனதும் கையால் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். ஒர்க்கர், கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), பிரவுசர் இதற்கெல்லாம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ப்ரொடக்‌ஷனில் வேண்டுமென்றே எரர் கிளப்பலாமா? எங்கள் முதலாளி தயங்குகிறார்.

மலைக்காற்று

தாராளமாகக் கிளப்பலாம். ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) செய்து பார்ப்பதால் உங்களுக்குப் பலன் இல்லை. உங்களிடம் உடைந்தது ப்ரொடக்‌ஷனின் என்விரான்மென்ட் ஃபைல்தானே, அது ஸ்டேஜிங்கில் கிடையாது.

எரரைச் செண்ட்ரிக்கு அனுப்பும் கேப்சர் எக்ஸெப்ஷன் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டுச் சோதிக்காதீர்கள். டாஸ்க்குக்குள் நிஜமாகவே ஒரு எக்ஸெப்ஷனை ரெய்ஸ் செய்து, அது தானாகப் பிடிபடுகிறதா என்று பாருங்கள். செலரிக்கான இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிரவுசரிலும் அப்படித்தான். குரோம் கன்சோலில் ஒரு எரரைத் த்ரோ செய்துவிட்டு "வரலையே" என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கன்சோலில் கிளப்புவது பக்கத்தின் எரர் ஹேண்ட்லருக்கு வந்து சேராது. கோடுக்குள்ளேயே வைத்துக் கிளப்ப வேண்டும்.

ப்ரொடக்‌ஷனில் டிஎஸ்என் காலியாக இருந்தால் ப்ராசஸ் எழும்பவே கூடாது என்று செட்டிங்ஸில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இன்றைக்கே செய்யலாம்.

பழைய பேஜர்

தம்பி, அந்த ஸ்பேம் விஷயத்தைப் படித்ததும் எனக்கு 2003 ஆகஸ்ட் 14தான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போன நாள். ஒஹையோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி கண்ட்ரோல் ரூமில் மதியம் 2:14க்குச் சற்றுப் பிறகு அலாரம் மென்பொருள் நின்றுவிட்டது. நின்றது ஆபரேட்டர்களுக்குத் தெரியாது. திரை அமைதியாக இருந்தது, அதனால் லைன் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து மின் நிறுவனத்திலிருந்து போன் வருகிறது, "345 கேவி லைன் ஒன்று துண்டித்து மறுபடி சேர்ந்ததே, பார்த்தீர்களா" என்று. இவர்களுக்கு அலாரம் ஏதும் வரவில்லையே. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் சரிந்துவிட்டது. உங்கள் அக்கா செய்த போனும் அந்த மாதிரிப் போன்தான். அவர் சொன்னதைவிட டேஷ்போர்டை நம்பினீர்கள். நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தன் டேட்டாபேஸை இழந்து, கடைசியில் ஆறு மணி நேர டேட்டாவைத் தொலைத்ததே, அவர்களே எழுதிய அறிக்கையைப் படித்துப் பாருங்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுத்த கருவி 9.2. அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றால் மெயில் வரவேண்டும் என்று ஏற்பாடும் இருந்தது. அந்தக் கிரான் மெயில்களுக்கு டிமார்க் (மெயில் நிஜமாகவே அவர்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் முறை) சரியாக அமைக்காததால், வாங்கும் சர்வர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது. எரரைக் கண்டுபிடித்த கோடு தன் வேலையைச் செய்துவிட்டது. கடைசி ஒரு முழத்தில் அறுந்துபோனது. அதனால் செண்ட்ரி திரையில் எரர் வந்ததோடு சோதனையை நிறுத்தாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் போன் அடிக்கிறதா என்பது வரை பாருங்கள்.

முறை என்னவென்றால், நல்லபடியாக இருக்கிறது என்ற சேதி தொடர்ந்து வரவேண்டும், அது நின்றால் மணி அடிக்க வேண்டும். ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி வைத்திருப்பவர்கள் வாட்ச்டாக் என்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட் வைப்பார்கள். அது வெளியே இருக்கும் வேறொரு சேவைக்குப் போய்க்கொண்டே இருக்கும். வராமல் போனால் அந்தச் சேவை எழுப்பும். காவல் பார்க்கும் அந்தச் சேவை, காவல் பார்க்கப்படுவதோடு ஒரே மெஷினில் இருக்கக் கூடாது.

வெள்ளைப்பூண்டு

நாங்கள் அடி வாங்கிக் கற்றுக்கொண்டவை இரண்டு.

எரர் செண்ட்ரிக்குப் போகும் முன் ஓடும் பிஃபோர் சென்ட் ஃபங்ஷன் வைத்திருக்கிறீர்களா? போன் நம்பர், பெயர் எல்லாம் செண்ட்ரிக்குப் போகாமல் அழிக்க நிறையப் பேர் எழுதுவார்கள். பைதான் எஸ்டிகேயில் அந்த ஃபங்ஷனே உடைந்தால் உங்கள் ஆப் விழாது, அந்த எரர் மட்டும் சத்தமில்லாமல் கைவிடப்படும். டீபக்கை ட்ரூ என்று வைத்தால்தான் லாக்கில் தெரியும்.

அப்புறம், "புது இஷ்யூ வந்தால் சொல்" என்று மட்டும் அலர்ட் வைத்திருந்தால், உங்கள் 1/0 முதல்முறை போனை அடிக்க வைக்கும். இரண்டாவது முறை அதே இஷ்யூவோடு சேர்ந்துகொள்ளும். அலர்ட் வராது. நாங்கள் இரண்டு நாள் அலர்ட் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். சோதனை எரரின் ஃபிங்கர்பிரின்ட்டில் (எந்த எரர் எந்த இஷ்யூவோடு சேரும் என்று முடிவு செய்யும் அடையாளம்) அன்றைய தேதியைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணிக்கொள்ளும்.

கரையோரம்

தேதி சேர்த்துத் தினமும் புது இஷ்யூ என்பதை நான் ஏற்க மாட்டேன். தினமும் காலையில் ஒரு பொய் அலர்ட் வந்தால், ஒரே மாதத்தில் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். அதோடு வரும் நிஜமானதையும் திறக்க மாட்டார்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் பங்குத் தரகு நிறுவனத்தில் சந்தை திறக்கும் முன்பே 97 மெயில்கள் தவறைச் சுட்டிக்காட்டி உள்ளே போயின. அலர்ட் என்று வடிவமைக்கப்படாத மெயில்கள், வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சோதனை எரர் தினமும் போகட்டும். வராத அன்றைக்கு மட்டும் மனிதரை எழுப்புங்கள்.

நூல்கண்டு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டிஎஸ்என் காலியாக இருந்தால் ப்ராசஸ் எழும்பாது. மலைக்காற்று சொன்ன அன்றே அதைச் செய்துவிட்டேன். பிறகு காலை ஆறு மணிக்கு செலரி பீட் (நேரம் பார்த்து டாஸ்க்கைக் கிளப்பும் பகுதி) வழியாக ஒரு டாஸ்க். ராத்திரிக் கணக்கு போகும் அதே கியூவில், அதே ஒர்க்கரில் நிஜமாக எக்ஸெப்ஷன் கிளப்பும். அதில் அன்றைய தேதி டேகாகப் போகும். ஆறு பத்துக்கு வேறொரு மெஷினில் இருக்கும் சின்ன ஸ்க்ரிப்ட், இன்றைய டேகோடு எரர் வந்ததா என்று செண்ட்ரியின் ஏபிஐயைக் கேட்கும். வந்திருந்தால் ஹெல்த்செக்ஸ் என்ற வெளிச் சேவைக்கு ஒரு பிங். பிங் போகாவிட்டால் எங்கள் நாலு பேருக்கும் டெலிகிராமில் செய்தி.

முதல் நாளே செய்தி வந்தது, எரர் வரவில்லை என்று. டிஎஸ்என் சரியாக இருந்தது. நெட்வொர்க்கும் சரி. வெப் பக்கத்து 1/0 உடனே வந்துவிடுகிறது, ஒர்க்கரிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. வெள்ளைப்பூண்டு எழுதியது ஞாபகம் வந்து டீபக்கை ட்ரூ ஆக்கினேன். லாக்கில் கீ எரர், 'ரிக்வெஸ்ட்' இல்லை என்று. வாடிக்கையாளர் போன் நம்பரை அழிக்க நானே எழுதிய பிஃபோர் சென்ட் ஃபங்ஷன்தான். எல்லா எரரிலும் ரிக்வெஸ்ட் இருக்கும் என்று எண்ணி எழுதியிருக்கிறேன். வெப்பில் இருக்கும். செலரி டாஸ்க்கில் ஏது ரிக்வெஸ்ட்? ஆகவே டிஎஸ்என் விட்டுப்போகாமல் இருந்திருந்தாலும் அந்த 11 நாளும் எனக்கு எதுவும் வந்திருக்காது. இரண்டு வருடமாக ஒர்க்கரிலிருந்து ஒரு எரர்கூட வந்ததில்லை. அதை நன்றாக எழுதப்பட்ட கோட் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கரையோரம் சொன்னபடி, தினமும் வரும் சோதனை எரர் ஒரே இஷ்யூவாகச் சேரும், அலர்ட் கிடையாது. மாதத்தின் முதல் திங்கள் மட்டும் புது ஃபிங்கர்பிரின்ட், அலர்ட் போன் வரை வருகிறதா என்று பார்க்க. முதல்முறை நாலில் மூன்று போன்தான் அடித்தது. நாலாவது ஆளின் மெயிலில் பழைய ஃபில்டர் ஒன்று செண்ட்ரி மெயிலை எல்லாம் ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பழைய பேஜர் அண்ணா சொன்ன கடைசி முழம்.

முதலாளியிடம் அந்தக் கீ எரர் லாக்கைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் தயங்கவில்லை.

போன சனிக்கிழமை அந்த அக்காவின் யூனிட்டுக்கு நேரில் போனேன். தவறு எங்கள் பக்கம்தான், உங்களை வீணாகத் தேட வைத்துவிட்டேன் என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார். 11 நாள் கணக்கையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார், பார்ட்டி வாரியாக, கிலோ வாரியாக. அதை வைத்து எங்கள் கணக்கைச் சரிபார்த்தோம். ஒரு இடத்தில் 2 கிலோ வித்தியாசம், அது அவர்கள் எடை போட்டதில் வந்தது.

கிளம்பும் முன் அவருடைய கம்ப்யூட்டரிலேயே எங்கள் லாகினில் நுழைந்து, பிரவுசர் எரர் கிளப்பும் பட்டனை அழுத்திப் பார்த்தேன். செண்ட்ரிக்கு வரவில்லை. நெட்வொர்க் டேபில் அந்த ரிக்வெஸ்ட் சிவப்பில் நின்றது. யாரோ போட்டுக் கொடுத்த ஆட் பிளாக்கர் தடுத்திருக்கிறது. இப்படி எத்தனை யூனிட்டில் இருக்கிறதோ. எரர்கள் முதலில் எங்கள் டொமைனுக்கு வந்து அங்கிருந்து செண்ட்ரிக்குப் போகும்படி டனல் போடும் வேலையை நேற்று ஆரம்பித்தேன். முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் போய் மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.